தாடை உயரம்

மரத்துக்கு மேட்டுப் பக்கமாகப் போய் நின்று, காலடிச் சருகை இரண்டு மிதி மிதித்துச் சமப்படுத்திக்கொள்கிறாள். முகத்தைச் சற்றுத் திருப்பி, தாடையைப் பட்டையோடு ஒட்டிவைக்கிறாள். டேப்பின் ஒரு முனையைத் தாடைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை மரத்தைச் சுற்றி வீசுகிறாள். அது அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கமாக வந்து, இடது கைக்குள் விழுகிறது. தவறவே தவறாது என்று சொல்ல முடியாது. மதியத்துக்கு மேல் தவறும். தவறினால் மரத்தைத்தான் திட்டுவாள். பிறகு டேப்பை இழுத்துப் பிடித்து, எங்கும் தொய்வில்லையே என்று பார்த்துவிட்டு, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படிக்கிறாள்.

"எழுபத்தொண்ணு, புள்ளி நாலு. எழுதிக்கோ."

எழுதுவதெல்லாம் போய் வெகுநாளாயிற்று. பள்ளத்துப் பக்கம் நான்கு எட்டு தள்ளி நிற்கிற ஓர்ப்படி, கம்பெனி கொடுத்த போனில் எண்ணைத் தட்டிவிட்டு "ம்" என்கிறாள். எழுதினாலும் தட்டினாலும் மூத்தவள் வாயில் "எழுதிக்கோ"தான். அதைச் சொன்னால்தான் அந்த மரம் முடிந்தது என்று அர்த்தம். அடுத்த மரத்துக்கு நடக்கலாம்.

தோட்டத்தில் எல்லாரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயதில் மூத்த மேலாளர்கூட அப்படித்தான். வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்பை மாலை மாதிரி தொங்கவிட்டு, சட்டைப் பையில் ஒரு துண்டுச் சாக்குக்கட்டியும் வலிக்குத் தேய்க்கிற தைலக் குப்பியுமாக வருவாள். அளந்த மரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. தைலம் இடுப்புக்கு. அவள் வருவதற்கு முன்னால் அந்த வாசம் வந்துவிடும்.

தோட்டம் என்று பேர்தானே தவிர, பழம் கிடையாது, பூ கிடையாது. ஒரே சாதி வெட்டுமரம், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய மட்டும். வெட்டுவதற்கென்று வளர்க்கிறார்கள். ஆனால் வெட்டும் நாள் வரும்வரை அது சும்மா நிற்பதில்லை. காற்றில் இருக்கிற கரியை இழுத்து உடம்பில் வைத்துக்கொள்கிறது. ஒரு வருஷத்தில் எவ்வளவு பருத்தது என்று அளந்தால், எவ்வளவு கரியை இழுத்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்குக்கு ஒரு சீட்டு. எங்கேயோ தூர தேசத்தில் புகை விடுகிற கம்பெனி ஒன்று அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "நாங்க விட்டதை அந்த மரம் எடுத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொள்ளும். கார்பன் கிரெடிட் என்று மேலாளர் வாய் நிறையச் சொல்வார். தோட்டத்து ஆட்களுக்கு அது கரிக்காசு. சீட்டு விற்றால்தான் நிலத்துக்காரர்களுக்குப் பங்கும் இவர்களுக்குச் சம்பளமும்.

டேப்பக்காவுக்கு இதில் பெரிய மரியாதை எதுவும் இல்லை. "எவனோ ஒருத்தன் ஆகாயத்துல புகை விட்டுட்டுப் போறான். அதுக்கு நான் இங்க மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க வீட்டுக்காரரைக்கூட இத்தனை தடவை கட்டிப்புடிச்சதில்ல" என்பாள். ஓர்ப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இந்தத் தாடை விவகாரம் வந்த கதை இது. மரத்தை எந்த உயரத்தில் அளப்பது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே சட்டம். அடியில் அளந்தால் பருமன் கூடும், மேலே போனால் குறையும். அதனால் மார்பளவு உயரம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். முதல் வருஷம் வந்த அதிகாரி அதைச் சொன்னபோது, "யார் மார்புக்குங்க?" என்று கேட்டவள் இவள்தான். அவர் முகம் சிவந்துபோய், மறுநாளே ஒரு கம்பை அந்த உயரத்துக்கு அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உச்சியில் சிவப்பு வர்ணம் அடித்திருந்தது. மரத்தோடு சேர்த்துக் கம்பை நிறுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே டேப்பைச் சுற்று. அவ்வளவுதான் வேலை.

கம்பைத் தூக்கிக்கொண்டு முள்ளிலும் மேட்டிலும் ஏறியவர்களுக்குத் தெரியும் அது என்ன இம்சை என்று. ஒரு கையில் கம்பு, ஒரு கையில் டேப்பு, செருப்புக்குள் முள். ஒருநாள் அலுத்துப்போய்க் கம்பைத் தரையில் ஊன்றி, அதன் தலையில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பார்த்தார். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கம்பின் உச்சியும் அவள் தாடையும் ஒட்டினாற்போல் இருந்தன. குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. "அட, கம்பு எதுக்கும்மா? உங்க தாடையே போதும் போலிருக்கே" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, அன்றோடு கம்பு கொட்டகைக்குப் போயிற்று. கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. கம்பைக் குறுக்கே கொடுத்தார்கள். அதற்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். கம்பு கதவோடு நின்றுவிட்டது.

மரத்திலேயே ஒரு கோடு போட்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். இது பட்டை உரிக்கிற சாதி. வருஷத்துக்கு ஒருமுறை பாம்பு சட்டை உரிப்பதுபோல உரித்துப் போட்டுவிட்டு வெள்ளை வெளேரென்று நிற்கும். கோடு சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். ஆகவே டேப்பக்காவின் தாடைதான் தோட்டத்துக்குச் சட்டம். மற்றவர்களுக்குக் கையில் காய்ப்பு விழும். இவளுக்குத் தாடைக்கு அடியில். கருத்து, தடித்து, ஒரு பொத்தான் அளவுக்கு. கண்ணாடி பார்க்கும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

"இந்த வருஷத்தோட இதுக்கு ஒரு முழுக்கு." இதை அவள் எல்லா வருஷமும் சொல்கிறாள். சொல்லும்போது சத்தியமாக நினைத்துத்தான் சொல்கிறாள். இடுப்பு போய்விட்டது. முழங்கால் மேட்டில் ஏறும்போது ஒரு பேச்சும், இறங்கும்போது ஒரு பேச்சும் பேசுகிறது. மூச்சுக்கு நின்று, தண்ணீர் குடித்து, மரத்திலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒரு நொடி அப்படியே தூங்கியும் போகிறாள். ஓர்ப்படி எழுப்ப மாட்டாள்; போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முழித்ததும், "என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிற? நட" என்று அவளையே கடிந்துகொண்டு நடப்பாள்.

ஆனால் விட மாட்டாள். ஏன் என்று கேட்டால் சம்பளம் என்பாள். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. வீட்டில் அவளை எல்லாரும் கேள்விதான் கேட்கிறார்கள். சீப்பு எங்கே, சாவி எங்கே, மாத்திரை எங்கே. பதில் சொன்னால் அதற்கு மேல் ஒரு கேள்வி. தோட்டத்தில் அவள் ஒரு எண்ணைச் சொன்னால் சொன்னதுதான். திருப்பிக் கேட்பார் கிடையாது. மேலாளர் தலையாட்டுகிறார். அந்த எண் எங்கெங்கோ போகிறது. "நான் சொல்றதுதான் நம்பரு" என்று ஒருமுறை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ரேடியோவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்கேயும் அப்படித்தானே" என்றார் தலை நிமிராமல்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தே வாழ்ந்த முதுகு அவருக்கு. கொஞ்ச நாளாக வீட்டில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் மேல் தட்டில் இருக்கும் டீத்தூள் டப்பா டேப்பக்காவுக்கு எட்ட மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் பார்க்காமலே எடுப்பாள். "இந்தத் தட்டை யாரு மேல ஏத்தினது?" என்று கேட்டாள். யாரும் ஏற்றவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியில் நெற்றியும் முடியும்தான் தெரிகிறது என்று ஆணியைப் பிடுங்கிக் கீழே அடிக்கச் சொன்னாள். அடித்தார். அடுத்த வருஷம் இன்னொரு தரம் பிடுங்கி இன்னும் கீழே அடித்தார். "வீடும் தோட்டமும் போட்டி போட்டுக்கிட்டு வளருது போல" என்றார். சுவரில் பழைய ஓட்டைகள் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக, இன்னும் இருக்கின்றன. அவளுக்குச் சுவரின் மேல்தான் கோபம்.

ஓர்ப்படியும் அவளும் ஒரே வளாகத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். கொழுந்தன் லாரியில் போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். சின்னவள் இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வைத்துக்கொண்டு மாரடிக்கிறாள். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை. குடையை வாங்கிக்கொண்டு போய்க் கம்பி முறித்துத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. வேலைக்கு மட்டும் ஒன்றாகப் போனார்கள். எண்ணும், "எழுதிக்கோ"வும், "ம்"மும் தவிர இருவருக்கும் நடுவே ஒரு சொல் கிடையாது. அளவு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

இந்தத் தடவை தணிக்கைக்கு வந்த பெண் சின்ன வயது. மரியாதையான பெண். எல்லாரிடமும் மெதுவாகப் பேசினாள். போன வருஷம் அளந்த மரங்களில் சிலவற்றைத் தன் கண்முன்னால் மறுபடி அளக்க வேண்டும் என்றாள். அளக்கிற கம்பு எங்கே என்றும் கேட்டாள். மேலாளர் விழித்தார். பிறகு ஞாபகம் வந்து கொட்டகைக்கு ஓடி, கதவிலிருந்து கம்பைப் பிடுங்கினார். கதவு ஆ என்று திறந்துகொண்டது. உள்ளே இருந்த மண்வெட்டிகள் சரிந்து விழுந்தன. சிவப்பு வர்ணம் அழுக்கேறிக் கிடந்தது. அளவு அதே அளவுதான்.

கம்பை நிறுத்தி அளந்தார்கள். முதல் மரம், போன வருஷத்துக் கணக்கைவிடக் குறைந்திருந்தது. வருஷம் போயும் பருக்கவில்லை என்றால்கூடச் சரி, வறட்சி என்று சொல்லலாம். குறைந்திருந்தது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும். மேலாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போனார். ஒரு வரிசை முடிந்தபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் இத்தனை வருஷம் மரத்தோட இருக்கேன்" என்றார் அந்தப் பெண்ணிடம். "மரம் இளைச்சு நான் பார்த்ததில்லைங்க."

"ஏதாவது காரணம் இருக்கணும்" என்றாள் அவள். "அது தெரியாம என்னால கையெழுத்துப் போட முடியாது. காலையில சொல்லுங்க."

அவள் ஜீப்புக்குப் போனதும் மேலாளர் திரும்பினார். திரும்பியது டேப்பக்கா பக்கம் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள் பக்கம்.

"ஏம்மா, உக்கார்ந்த இடத்துலயே தட்டிவிட்டுட்டியா?"

சின்னவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ தட்டலைங்க. நான் சொன்னதைத்தான் தட்டினா" என்றாள் டேப்பக்கா.

"நீங்க சொன்னது தப்பாயிருக்காது டேப்பக்கா. உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னது ஒண்ணு, இவ போட்டது ஒண்ணு. அளக்காத மரத்துக்கெல்லாம் ரெண்டு கூட்டிப் போட்டு வீட்டுக்குப் போயிருக்கா. அதைத்தான் காலையில சொல்லப் போறேன். வேற என்ன சொல்றது? நீ நாளைக்கு வேலைக்கு வர வேணாம்மா. போனை மட்டும் கொண்டாந்து குடுத்துடு."

தன்னுடைய நல்ல பேர் இப்படிப் போய் இன்னொருத்தி தலையில் விழும் என்று டேப்பக்கா நினைத்துப் பார்த்ததில்லை. தப்பு இவளிடம் இருக்க முடியாது என்று மேலாளர் அவ்வளவு உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் சின்னவளைத் திருடியாக்கியது.

வீட்டுக்குத் திரும்புகிற மண்பாதையில் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காலடியில் சருகு நொறுங்கியது. தோட்டத்து வேலி தாண்டியதும் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு வாய் இல்லையா? அந்த ஆளு கேட்கும்போது ஊமை மாதிரி நிக்கிற. வீட்டுல தண்ணி புடிக்கும்போது மட்டும் எட்டு ஊருக்குக் கேட்குது."

"என்ன சொல்லச் சொல்றீங்க?"

"இல்லைன்னு சொல்லு."

"இல்லைன்னா, பின்ன எப்படின்னு கேட்பாரு." சின்னவள் நின்றாள். "அக்கா, எனக்கு உங்க உச்சி தெரியுது."

"என்ன?"

"உங்க உச்சி வகிடு. நான் பள்ளத்துல நிக்கிறேன், நீங்க மேட்டுல நிக்கிறீங்க. அப்பவும் தெரியுது. வேலைக்கு வந்த புதுசுல உங்களை அண்ணாந்துதான் பார்ப்பேன். நீங்க தாடை வைக்கிற இடம் வருஷா வருஷம் கீழ எறங்கிட்டே வருதுக்கா. மரம் இளைக்கல. நீங்க கீழ அளக்கிறீங்க."

டேப்பக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "நான் குள்ளமாயிட்டேன்கிறியா?"

"கூன் விழுந்துடுச்சுங்கிறேன்."

"தெரிஞ்சிருந்தா ஏண்டி சொல்லல?"

"சொன்னா நாளைக்கே உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. இந்த வருஷத்தோட முழுக்குன்னு நீங்களேதான் சொல்றீங்களே, தானா நின்னுடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க நிக்கல." சின்னவள் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இப்பச் சொன்னா மட்டும், தன் தப்பை மறைக்க அக்கா மேல பழி போடுறான்னுதானே சொல்வாங்க."

மூத்தவள் விறுவிறுவென்று நடக்கப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை. பத்தடி போய் நின்றுவிட்டாள். சின்னவள் அவளைத் தாண்டிப் போகாமல் பின்னாலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்தவள் கைகால் கழுவவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் மேல் தட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். டீத்தூள் டப்பாவின் அடிவிளிம்பு விரல்நுனியில் பட்டு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டது. கண்ணாடிக்குப் போனாள். ஆணி ஓட்டைகளை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். ஏறக்குறைய ஒரு சாண் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சத்தம் போடாமல், மூக்கை முழுக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதாள். உடம்பு கேட்காமல் கொள்ளாமல் இத்தனை வேலை பார்த்திருக்கிறது, தனக்கே தெரியாமல். ஊருக்கெல்லாம் அளவு சொன்னவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. அதைவிட, மேலாளர் நாளைக்குச் சொல்லப்போகிற காரணம் உறுத்தியது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ டேப்பு கழுத்தில் கிடக்கும். கூட வேறு ஒருத்தி வந்து தட்டுவாள். இந்த நினைப்பு வந்ததும் வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

வீட்டுக்காரர் திருப்புளியோடு வந்து வாசலில் நின்றார்.

"நான் கூனிட்டேனா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நானும் உன்கூடச் சேர்ந்துதானே கூனிட்டு வர்றேன்" என்றார். பிறகு டீத்தூள் டப்பாவை எக்கி எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். அவருக்கும் அது சுலபமாக இல்லை.

காலையில் கொட்டகைக்கு எதிரே முதல் வரிசை மரத்தடியில் கூடினார்கள். தணிக்கைப் பெண் வந்திருந்தாள். மேலாளர் குளித்து, சவரம் செய்து, கெட்ட செய்தி சொல்வதற்கென்றே புறப்பட்டவராக நின்றார். சின்னவள் வேலியோரம் நின்றாள். போனைத் துடைத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கிட்டே வரவில்லை.

மேலாளர் தொண்டையைச் செருமி, "காரணம் கேட்டிருந்தீங்க" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, அந்தக் கம்பைக் கொண்டாங்க" என்றாள் டேப்பக்கா.

"எதுக்குக்கா இப்ப?"

"அளக்கத்தான். மரத்தை இல்ல, என்னை."

மேலாளருக்கு ஒன்றும் ஓடவில்லை. தணிக்கைப் பெண் மேலாளரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே போய்க் கம்பை எடுத்து வந்தாள். டேப்பக்கா மரத்தின் மேட்டுப் பக்கம் போய் நின்றாள். காலடிச் சருகை மிதித்துச் சமப்படுத்தவில்லை. அது கணுக்கால் வரைக்கும் குவிந்து கிடந்தது. தாடையைப் பட்டையில் வைத்தாள். அந்தப் பெண் கம்பைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

உடம்பு பொல்லாதது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் அவளைக் கேட்காமலே அது நிமிர்ந்தது. மூச்சு உள்ளே போய் நின்றது. முதுகு ஒவ்வொரு கணுவாக நீண்டது. வலி மண்டைக்கு ஏறியது. சருகுக்குள்ளே குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. யாருக்கும் தெரியாது. தாடை ஏறி, ஏறி, கம்பின் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"இதோ பாருங்க, சரியாத்தானே இருக்கு" என்றார் மேலாளர். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. "இவங்க அளவு தப்பவே தப்பாதுன்னு நான் சொன்னேன்ல. வாங்கக்கா, போதும்."

வேலியோரத்தில் சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டேப்பக்கா அதைப் பார்த்தாள். இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள். குதிகால்கள் கீழே இறங்கின. சருகு நொறுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. முதுகு தன் பழைய இடத்துக்குப் போய் வளைந்து உட்கார்ந்துகொண்டது. தாடை பட்டையை உரசிக்கொண்டே இறங்கி, சிவப்புக்கு ஏறக்குறைய ஒரு சாண் கீழே வந்து நின்றது. அங்கேதான் அதற்கு வலியில்லை. தினமும் அது நிற்கிற இடம் அதுதான்.

மேலாளர் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

அவள் சட்டைப் பையில் கைவிட்டுச் சாக்குக்கட்டியை எடுத்தாள். தாடையை எடுக்காமல், அதற்குக் கீழே, மரத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டாள். பிறகு, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எழுதிக்கோ."